ரெத்துஷ் செய்த கைகள்

ரெத்துஷ் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஸ்டுடியோ இருக்கும் திசையில் மோவாயை நீட்டுவார்கள். எடுத்து முடித்த படத்தைத் திருத்துவது. பருவை மறைப்பது, பிதுங்கிய காதை உள்ளே தள்ளுவது, வாழ்நாளில் கோட்டே போடாத ஆட்டிடையனுக்குக் கோட்டும் டையும் வரைந்து மாட்டுவது. அந்த வேலையைச் செய்தவள் நான். ஆனால் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்தச் சொல் ஸ்டுடியோவை விட்டு வெளியே வந்து தெருவெல்லாம் திரிந்துகொண்டிருந்தது. சந்தையில் அழுகிய ஆப்பிளை அடியில் போட்டு மேலே சிவந்ததாக அடுக்கினால் ரெத்துஷ். மேலிடத்து ஆட்கள் வரும் நாளில் சாலையோர மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்தால் ரெத்துஷ். குடித்துவிட்டு மனைவியின் பல்லை உடைத்தவன் மறுநாள் மாமியார் வீட்டுக்கு ஆட்டுத்தொடையோடு போனால் அதுவும் ரெத்துஷ்தான். சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

ஸ்டுடியோவைப் பார்த்துக்கொண்ட மமசாலி அண்ணனுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பிடிக்காது.

"ரெத்துஷ்னா பொய் இல்ல பெர்மெத். மரியாதை. வீட்டுக்கு விருந்தாளி வந்தா கிழிஞ்ச மெத்தையவா விரிப்பே? அத மடிச்சு உள்ள தள்ளிட்டு நல்லத விரிப்பேல்ல, அதான்" என்பார். சொல்லும்போது தன் தலைமுடியைத் தடவிக்கொள்வார். ஸ்டுடியோ சுவரில் இருந்த அவருடைய படத்தில் முடி அடர்த்தியாக இருக்கும். அதுவும் என் பென்சில் வேலை, அவர் பக்கத்தில் நின்று அச்சுப் படத்தின் மேலேயே போடவைத்தது.

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், காயப்போடும் இலைகளை ஊசியால் சரமாகக் கோக்க எங்களை வகுப்போடு புகையிலைக் கொட்டகைக்குக் கூட்டிப்போவார்கள். பனி விழ ஆரம்பித்ததும் திரும்பக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைப்பார்கள். அதற்குள் பாடம் எங்கோ போயிருக்கும். ஆசிரியை கேட்டால் எனக்குப் பேச்சு வராது. கடைசியில் போவதை நிறுத்திவிட்டேன். ஸ்டுடியோவில் யாரோடும் பேச வேண்டியதில்லை. சாய்ந்த பலகையில் நெகட்டிவை வைத்து, அடியில் இருக்கும் கண்ணாடியால் வெளிச்சத்தை மேலே திருப்பி, ஊசிபோல் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். படத்தில் கறுப்பாக வருவது நெகட்டிவில் வெறும் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவைப் பென்சிலால் நிரப்பினால் கறுப்பு போய்விடும்.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். ஒரு வாரத்தில் ஆறிவிடும் எதையும் எடுக்கலாம். பரு, கீறல், கொசுக்கடி. ஆறாததைத் தொடக்கூடாது. மச்சம், அம்மைத் தழும்பு, வயசு. மமசாலி அண்ணனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

புருல்ச்சா அக்கா கௌரவப் பலகைக்குப் படமெடுக்க வந்தது புகையிலை அறுவடையின் நடுவில். கூட்டுப்பண்ணையிலேயே அதிக இலை பறித்தவள் அவள். பண்ணை அலுவலகத்துக்கு எதிரில் இருக்கும் பெரிய பலகையில் ஒவ்வோர் ஆண்டும் முதல் ஆளின் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைப்பார்கள். வயலிலிருந்து நேரே வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. கசப்பும் தாரும் வேர்வையும் கலந்த வாடை. கொட்டகையை விட்டு எத்தனை காலமானாலும் அது மறக்காது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் ரொட்டியில் வரும், தேநீரில் வரும், தலையணையில் வரும்.

மமசாலி அண்ணன் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஏதோ ஒரு விருதின் பதக்கத்தை ஊசியால் குத்திவிட்டார். "கையைக் கீழ போடும்மா. மடியில வை."

அவள் கைகளைத் தூக்கி நெஞ்சின் மேல் விரித்து வைத்தாள். பத்து விரலும் கேமராவைப் பார்த்தன. மணிக்கட்டு வரை கருப்பு. வெறும் அழுக்குக் கருப்பு இல்லை. இலைப் பிசின் அடுக்கடுக்காக ஏறி, தோலோடு தோலாகி, விரல் மடிப்புகளில் வெடித்து, வெடிப்புக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

"என்னம்மா, பாட்டுப் பாடப் போறியா? கீழ போடு."

"இப்படியே எடுங்க அண்ணே. நன்றி சொல்ற மாதிரி இருக்கும்."

"யாருக்கு நன்றி?"

"எல்லாருக்கும்தான்" என்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

அவர் முணுமுணுத்துக்கொண்டு கேமராவின் நெகட்டிவ் தட்டை மாற்ற இருட்டறைக்குப் போனார். அவள் கைகளை இறக்காமலேயே என் பக்கம் திரும்பினாள்.

"நீ கொட்டகையில இருந்தவதானடி?"

தலையசைத்தேன்.

"என் சிர்காவுக்குப் பதினொண்ணு. அடுத்த வாரத்துலேருந்து வகுப்போட இலை கோக்கப் போகணுமாம். ராத்திரியெல்லாம் வாந்தி எடுக்கப் போறா, எனக்குத் தெரியும். பண்ணைத் தலைவர்ட்ட சொன்னேன், சிரிச்சான். வைத்தியர்ட்ட சொன்னேன், சூரியகாந்தி எண்ணெய் தடவச் சொன்னான்." குரலைத் தாழ்த்தினாள். "பண்ணை விழாவுக்குத் தலைநகர்லேருந்து குழு வருது. வந்ததும் முதல்ல அந்தப் பலகையத்தான் பார்ப்பாங்க. என்னை விட்டுட்டு வேற யாரையும் வைக்க முடியாது, நாந்தான் முதல் ஆளு. அவங்க பார்க்கட்டும். கேக்கட்டும், இது என்ன கைன்னு. ஒருத்தனாவது கேக்க மாட்டானா?"

மமசாலி அண்ணன் திரும்பி வந்தார். அவள் மறுபடி ஒன்றுமில்லாத முகத்தோடு உட்கார்ந்தாள். விளக்கு அடித்தது.

படம் காய்ந்ததும் அவர் அதைத் தூக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தார், செத்த எலியைத் தூக்கியதுபோல. "தூ. இத அங்க வச்சா பார்க்கிறவன் சாப்பிட முடியுமா?" என்று பண்ணைத் தலைவர் அப்திகபாரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மூன்று பேரும் பேசியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் தலைவரின் மனைவி சல்கினாய். திரும்பி வரும்போது மமசாலி அண்ணன் கையில் சல்கினாயின் படம் ஒன்று இருந்தது. போன வருஷம் நாங்கள் எடுத்தது. பட்டுச் சட்டை, மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த வெள்ளைக் கைகள், கொழுத்த விரலில் சிவப்புக் கல் மோதிரம்.

"இந்தக் கைய வெட்டி அங்க ஒட்டு. ஓரத்துல பெயிண்ட் தடவிக்கலாம். திரும்பப் படம் பிடிக்க நேரமில்ல, பெரிசாக்குனதுலயே ஒட்டிடு."

நான் மோதிரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"அத ஏன் எடுக்கணும்? முதல் ஆளு விரல்ல ஒரு மோதிரம் இருக்கட்டுமே. பாவம், நிஜத்துல யாரு அவளுக்கு வாங்கித் தரப் போறா?" தன் இரக்கத்தில் தானே நெகிழ்ந்தார்.

நான் வெட்டினேன். பெரிதாக்கிய சல்கினாயின் படத்தை மணிக்கட்டில் பிளேடால் வெட்டினேன். புருல்ச்சா அக்காவின் நெஞ்சில் அந்த மாவு மாதிரியான கைகளை வைத்து அழுத்தினேன். பசை ஓரங்களில் பிதுங்கியது. விரலால் துடைத்தேன். கருப்பு மூடிக்கொண்டது. அது ஆறாத கருப்பு. என் கணக்குப்படி தொடவே கூடாதது. முடித்துவிட்டுப் பின்பக்கம் போய் விரலில் ஒட்டிய பசையைக் கழுவினேன்.

பலகையில் ஏற்றிய காலையில் பெண்கள் எல்லோரும் வயலுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டார்கள். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி மோதிரத்தைப் பார்த்தாள். சல்கினாய் எந்த விருந்துக்குப் போனாலும் பிலாவ் சோற்றுத் தட்டுக்கு மேலே அந்த விரலை நீட்டித்தான் உட்காருவாள். ஊரில் அந்தக் கல்லைத் தெரியாதவர் இல்லை.

"அடியே, தலைவர் பொண்டாட்டி கை புருல்ச்சா கழுத்துக்குக் கீழ முளைச்சிருக்குடி!"

"தலைவர் இனி எந்தக் கையத் தேடிப் போவாரோ?"

"வாய மூடுங்கடி, வண்டியில தலைவன் வர்றான்."

சிரித்துச் சிரித்து இருமினார்கள். புருல்ச்சா அக்கா சிரிக்கவில்லை. பலகைக்கு எதிரில் நின்று தன் படத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். நான் ஸ்டுடியோ வாசலில் நின்றிருந்தேன். என்னைப் பார்த்ததும் நேரே வந்தாள்.

"நல்லா இருக்குடி. இந்தக் கைய வச்சுக்கிட்டு நான் மாடு கறக்கட்டுமா?"

அவள் காத்திருந்தாள். பிறகு தரையில் துப்பிவிட்டுப் போனாள். அந்த எச்சில் என் மேல் விழுந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

சல்கினாய்க்கும் கோபம். "என் மோதிரம் போயும் போயும் அவ மேலயா?" என்று தெருவில் நின்று கத்தினாள். ஆனால் குழு மறுநாளே வருகிறது. மாற்ற நேரமில்லை. தலைவருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. விருந்தாளிகளுக்கு ரொட்டி நீட்டுவது முதல் ஆளின் வேலை. படத்தில் வெள்ளைக் கை, நேரில் கறுப்புக் கை. பள்ளிக்கூட அணிவகுப்புக்கு வைத்திருந்த வெள்ளைக் கையுறைகளை எடுத்துவரச் சொன்னார்.

"இதப் போட்டுக்க. கழட்டினியோ, தெரியும்" என்று அவளிடம் கொடுத்தார்.

"இதுவும் ரெத்துஷா தலைவரே?" என்றாள் அவள்.

"வெயில்ல தோல் கெட்டுப் போகாம இருக்கத்தான்" என்றார் அவர், சிரிக்காமல்.

விழா பண்ணை மைதானத்தில். மரங்களின் சுண்ணாம்பு இன்னும் காயாமல் வாடை அடித்தது. குழுவினர் பலகைக்கு முன்னால் நின்றார்கள். அவர்களில் பெரியவர், பருத்த கழுத்துக்காரர், "அடடா, என்ன நாகரிகமான கைகள்! உழைப்பாளிக் கைகள்!" என்றார். பின்னால் நின்ற பெண்கள் தலைமுக்காட்டை வாயில் திணித்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காரன் எழுதிக்கொண்டான். மமசாலி அண்ணன் கேமராவோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். நான் விளக்கைப் பிடித்திருந்தேன்.

புருல்ச்சா அக்கா அன்று விடிவதற்கு முன்பே வயலுக்குப் போயிருந்தாள். பச்சைத் தக்காளியால் தேய்த்தால் பிசின் கொஞ்சம் போகும்; அவள் தேய்க்கவில்லை. அப்படியே கையுறையை மாட்டி வந்திருந்தாள். துணித் தட்டில் புதிதாகச் சுட்ட வட்ட ரொட்டி. பெரியவருக்கு எதிரில் வந்து நின்றாள்.

"வாங்க, ரொட்டி எடுத்துக்கோங்க."

பெரியவர் கையை நீட்டினார். அவள் ரொட்டியைத் தரவில்லை.

"கையுறையோட ரொட்டி பிட்கிறது எங்க ஊர்ல வழக்கமில்லைங்க. ரொட்டிக்கு மரியாதை இல்ல" என்றாள். கூட்டத்திலிருந்த வயசானவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதற்கு எதிராகப் பேச அப்திகபாரால்கூட முடியாது.

கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். பிசினோடு ஒட்டிக்கொண்டிருந்தது; பிய்த்து வரும்போது ஈரத்தோலை உரிப்பதுபோல ஒரு சத்தம். உட்புறம் கறுப்பாகப் புரண்டு வந்தது. யாரோ ஒருத்தி 'அய்யோ' என்றாள். புருல்ச்சா அக்கா ரொட்டியை இரண்டாகப் பிட்டாள். வெள்ளை நடுப்பகுதியில் விரல்கள் ஐந்தும் பதிந்தன. பெரிய துண்டை எடுத்துப் பெரியவர் உள்ளங்கையில் வைத்தாள். இலைப்பிசின் நூல் இழுத்தது.

அவர் பார்த்தார். வேறு வழியில்லை. நீட்டிய ரொட்டியை மறுத்தவன் எங்கள் ஊரில் மனுஷன் இல்லை. வாயில் வைத்தார். மென்றார். முகம் கோணியது. கண் இறுகி, மூக்கு மேலே ஏறி, உதடு ஒருபக்கம் சுருண்டு, வாய் திறக்கப் போய் நின்றது. ரொட்டியைத் துப்பக்கூடாது. மமசாலி அண்ணன் பழக்கத்தில் பொத்தானை அழுத்தினார். என் கையில் விளக்கு அடித்தது.

"கசக்குதுங்களா?" என்று புருல்ச்சா அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். "என் மகளுக்குப் பதினொரு வயசு. அடுத்த வாரத்துலேருந்து அவளும் அவ வகுப்புப் பிள்ளைகளும் தினம் இந்தக் கையாலதான் சாப்பிடணும்."

பெரியவரின் தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கினார். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தார். ஒரு நிமிஷம் அவர் ஏதோ கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன். புருல்ச்சா அக்காவும் நினைத்தாள். அவள் மூச்சைப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

"நல்ல ரொட்டி" என்றார் அவர்.

அப்திகபார் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். குழுவில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கொரு துணுக்கு வாயில் வைத்து, முகம் சுருங்கி, "நல்ல ரொட்டி, நல்ல ரொட்டி" என்றார்கள். பத்திரிகைக்காரன் அதையும் எழுதிக்கொண்டான். இதைப்போல ஒரு ரெத்துஷை நான் எந்தப் பென்சிலாலும் செய்ததில்லை. கண்ணெதிரில், வாய்க்குள் கசப்பு இருக்கும்போதே.

விருந்துக்குக் கூடாரத்துக்குள் போவதற்கு முன் மமசாலி அண்ணன் என்னைத் தனியே இழுத்தார்.

"அந்த ரொட்டிப் படம்தான் பத்திரிகைக்கு. நெகட்டிவக் கழுவிட்டு, அவர் மூஞ்சிய ரெத்துஷ் பண்ணிடு. உதட்ட நேராக்கு, கண்ணத் திற, லேசா சிரிக்க விடு. ரொட்டியில இருக்கிற கறையையும் எடு. காலையில வண்டிக்காரன் வருவான், ஒரு பிரதி அவன்ட்டக் கொடுத்துடு. நான் தூங்குவேன், எழுப்பாதே."

விடியற்காலையில் சாய்ந்த பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். பென்சிலைச் சீவினேன். பூதக்கண்ணாடியில் அந்த முகம் பெரிதாக வந்தது. என் கணக்கை நினைத்துப் பார்த்தேன். அவருடைய குமட்டல் ஒரு வாரம் எதற்கு, ஒரு மணி நேரத்தில் போயிருக்கும். வறுத்த ஆட்டுக்கறி தின்று, குதிரைப்பால் குடித்து அவர் அதை மறந்திருப்பார். ஆறிவிடும் எதையும் எடுக்கலாம். என் கணக்குப்படி எடுத்துவிடலாம்.

பென்சில் முனையை அவர் உதட்டின் மேல் வைத்தேன். சிரிப்புக்கு எந்தக் கோடு, எந்தப் பக்கம் மேலே என்று கைக்குத் தெரியும். ஆயிரம் தடவை வரைந்த சிரிப்பு. அது தெரிந்திருப்பதே எனக்கு அருவருப்பாக இருந்தது. என் கை, சல்கினாயின் கைபோல, வேறு யாருடையதோ போல இருந்தது. அப்புறம் சிர்காவின் வகுப்பை நினைத்தேன். திங்கட்கிழமை வண்டி வந்து அவர்களை ஏற்றும். நீள ஊசியில் இலையைக் குத்திக் குத்தி இழுக்கும்போது முதல் நாளே நகக்கண்ணில் பிசின் ஏறும். மத்தியானத்துக்குள் தலை சுற்றும். யாரோ ஒரு பிள்ளை ஓரமாகப் போய் வாந்தி எடுக்கும். கண்காணி, "நடிக்கிறா" என்பான்.

பென்சிலைக் கீழே வைத்தேன். ஒரு கோடுகூடப் போடாமல் பிரதி எடுத்தேன். காய வைத்தேன். வண்டிக்காரன் ஒலிப்பானை அடித்தபோது உறையில் போட்டுக் கொடுத்தேன்.

"ரெத்துஷ் ஆச்சா?" என்றான்.

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குச் சுலபம்.

மமசாலியின் ஸ்டுடியோவிலிருந்து வந்த படத்தை மாவட்டப் பத்திரிகையில் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எல்லாம் சரிசெய்துதான் வரும் என்று நம்பிக்கை. அப்படியே போட்டுவிட்டார்கள். முதல் பக்கத்தில், நான்கு விரல் அகலத்தில், அந்த முகம். கையில் ஐந்து கறுப்பு விரல் பதிந்த ரொட்டி. அடியில் பெரிய எழுத்தில்: "நல்ல ரொட்டி!"

மாவட்டம் முழுக்கச் சிரித்தது. தேநீர்க் கடைகளில் அந்த முகத்தைச் செய்து காட்டினார்கள். பெரியவர் தொலைபேசியில் கத்தியது பண்ணை அலுவலக ஜன்னலுக்கு வெளியே கேட்டதாம். தன்னை ஊரே கேலி செய்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கைகளைப் பற்றி அவர் அப்போதும் கேட்கவில்லை. ஆனால் கேலியைத் துடைக்க அவர் ஏதாவது செய்தாக வேண்டும். வைத்தியர் ஒருவரை அனுப்பினார். அந்த வைத்தியர் சிர்காவின் வகுப்போடு, போன வருஷம் இலை கோத்த மேல்வகுப்புப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்த வருஷம் பிள்ளைகள் கொட்டகைக்குப் போக வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். இந்த வருஷம் மட்டும்.

"தேதியப் போட்டு எழுதியிருக்கான் பாரு, அடுத்த வருஷம் கை மாறிடுமாம்" என்று புருல்ச்சா அக்கா சொன்னாளாம். அவளை முதல் ஆள் இடத்திலிருந்து எடுத்துத் தண்ணீர் ஏறாத தூரத்து வயலுக்கு மாற்றிவிட்டார்கள்.

மமசாலி அண்ணன் பத்திரிகையை என் முகத்துக்கு நேராக ஆட்டினார். "என்னடி பண்ணி வச்சிருக்கே? ரெத்துஷ் பண்ணுன்னு சொன்னேனா இல்லையா?"

"பண்ணலை" என்றேன். அவரிடம் நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல். எனக்கே என் குரல் வினோதமாகக் கேட்டது.

"ஏன்?"

அவர் சுவரில் இருந்த தன் படத்தைப் பார்த்தார், அடர்ந்த முடியைப் பார்த்தார், பிறகு கதவைக் காட்டினார். பென்சில்களை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

கௌரவப் பலகையை இறக்க யாரும் உத்தரவு போடவில்லை. உத்தரவு இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள். முதல் மழை பெய்த மறுநாள் அந்தப் பக்கம் போனேன். பெயிண்ட் ஒழுகி, சல்கினாயின் வலது கை மணிக்கட்டிலிருந்து மேலே சுருண்டிருந்தது. மோதிரம் தலைகீழாகத் தொங்கியது. அதற்கடியில் கறுப்பு விரல்கள் மூன்று தெரிந்தன. பள்ளிக்கூடம் விட்டு வந்த சிர்கா அதற்கெதிரில் நின்று, சுருண்ட ஓரத்தை ஒரு குச்சியால் நெம்பிக்கொண்டிருந்தாள். அலுவலகத்திலிருந்து காவல்காரன் பசை வாளியோடு ஓடி வந்தான்.

"ஏய், கைய எடு! திரும்ப ஒட்டணும் அத!"

அவள் கேட்காததுபோல இன்னும் கொஞ்சம் நெம்பினாள். பசை வாடை அடித்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.